நனைந்த டிரோன் மறுபடி பறக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள்!

மழைக்காலம் தொடங்கியதும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது முதலிடம் டிரோனுக்குத்தான். "லேசான தூறல்தானே, பறக்க விடலாமா?" என்பது ஒன்று. "நனைந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சரியாகிவிடுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பிழைப்பது சாஃப்ட்வேரில். எங்கள் தொழிலில் எல்லோரும் பயப்படும் ஒரு வகைப் பிழை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் திடீரென நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. "அதான் இப்போது ஓடுகிறதே, விடுங்கள்" என்பார்கள். ஆனால் அது மறுபடியும் நிற்கும். அதுவும் நிற்கவே கூடாத நேரம் பார்த்து நிற்கும். நனைந்து காய்ந்த டிரோனும் இப்படித்தான். அது மறுபடி பறக்கிறது என்பது, அது நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல. இந்த ஒரு விஷயத்தை நம் ஊரில் டிரோன் வைத்திருப்பவர்களும், விற்பவர்களும், வாடகைக்கு எடுப்பவர்களும் புரிந்து கொள்ளாமல் இருப்பதுதான் என் கவலை.

பெட்டியில் இல்லாத எண்

மொபைல் போன் வாங்கும்போது 'ஐபி67', 'ஐபி68' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கருவிக்குள் தூசியும் தண்ணீரும் நுழையாமல் எந்த அளவுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தர அளவின்படி தரப்படுகிறது. முதல் இலக்கம் தூசிக்கு. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு.

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் டிரோன்களில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. உலகில் அதிகம் விற்கும் டிஜேஐ நிறுவனத்தின் மினி, ஏர், மேவிக் வரிசைகளுக்கு ஐபி ரேட்டிங் தரப்படவில்லை. மழை, பனி, மூடுபனி இருக்கும்போது பறக்க விடாதீர்கள் என்றுதான் அவற்றின் கையேடு சொல்கிறது. அதே நிறுவனத்தின் மேட்ரிஸ் 30 என்ற டிரோனுக்கு ஐபி55 உண்டு. ஆனால் அது தீயணைப்பு, மீட்புப் பணி, மின் கம்பிகளைச் சோதிப்பது போன்ற வேலைகளுக்காகச் செய்யப்பட்டது. விலையும் லட்சக்கணக்கில். அதற்குக்கூட, நாளாக ஆகத் தேய்மானத்தால் இந்தப் பாதுகாப்பு குறையலாம் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தே தருகிறார்கள்.

ஆக, "என் டிரோன் தூறலில் பறந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், அவருக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

டிரோனின் மோட்டார்களைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பிரஷ்லெஸ் மோட்டார்கள் ஓரளவு ஈரத்தைத் தாங்கும். அதில் உரசும் பிரஷ் கிடையாது. சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் மேல் இன்சுலேஷன் பூச்சு இருக்கிறது. அங்கே கெடுவது பெரும்பாலும் பேரிங். அது துருப்பிடிக்க நாளாகும்.

பிரச்னை சர்க்யூட் போர்டில்தான். டிரோனின் போர்டு சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்கக் காற்றுத் துளைகள் வைத்திருக்கிறார்கள். பல மாடல்களில் காற்றை உள்ளே இழுக்கச் சிறிய ஃபேனும் உண்டு. காற்று போகும் வழியில் மழைத்துளியும் போகும். உயரத்தைக் கணக்கிடும் பாரோமீட்டர் சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும். அதை முழுதாக மூடி வைக்கவும் முடியாது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் போர்டின் மேல் படியும் தண்ணீர் சுத்தமானது அல்ல. மழை வரும் வழியில் தூசியைச் சேர்த்துக் கொள்கிறது. போர்டின் மேல் ஏற்கனவே படிந்திருக்கும் அழுக்கும், சால்டர் செய்யும்போது மிஞ்சிய ரசாயனமும் அதில் கரைகின்றன. இப்போது அது மின்சாரத்தைக் கடத்தும்.

அந்த நேரத்தில் பேட்டரி இணைப்பில் இருந்தால் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அங்கே ஈரப்படலம் இருந்து, இரண்டு பக்கமும் வோல்டேஜ் வித்தியாசமும் இருந்தால், ஒரு பக்கத்து உலோகம் அயனிகளாகக் கரைந்து மறுபக்கம் போய்ப் படியும். அப்படிப் படிந்தது மரக்கிளை போல வளர்ந்து வரும். எதிர்ப் பக்கத்தைத் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட்! நனைந்தவுடன் பேட்டரியைக் கழற்றுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியைக் கழற்றி, ஈரமும் காய்ந்த பிறகு? தண்ணீர் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. அடுத்த முறை காற்றில் ஈரம் கூடும்போது அந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுக்கும். அரிப்பு மெதுவாகத் தொடரும். இன்று பறந்த டிரோன் 3 வாரம் கழித்து விழுவது இப்படித்தான்.

மழையில் ரிமோட் சிக்னல் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டிரோன்கள் பயன்படுத்தும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில், நாம் பறக்க விடும் தூரத்துக்கு மழையால் வரும் இழப்பு மிகக் குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை உங்கள் கையில் இருக்கும் போன். ஸ்கிரீன் மேல் விழும் துளிகளை விரல் என்று நினைத்து, தொடாத பட்டனைத் தொட்டதாக அது எடுத்துக் கொள்ளும். மழைக்கு முன்னால் வீசும் காற்று இன்னொரு தொல்லை. எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது பேட்டரி வேகமாகத் தீரும்.

மழையே இல்லாமல் நனையலாம்

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியே 32 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். இந்த நிலையில் சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் துளிகளாகப் படியும். 24 டிகிரியில் ஏ.சி. ஓடும் அறையிலிருந்தோ காரிலிருந்தோ டிரோனை வெளியே எடுத்து உடனே ஆன் செய்தால், ஒரு சொட்டு மழை இல்லாமலே அது நனைகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதைப் போலத்தான். லென்ஸ் மேல் படிவது கண்ணுக்குத் தெரியும். போர்டின் மேல் படிவது தெரியாது.

இதைத் தவிர்ப்பது சுலபம். டிரோனை அதன் பைக்குள்ளேயே, மூடியபடி, வெளியே கொண்டு வந்து அரை மணி நேரம் வையுங்கள். வெளி வெப்பத்துக்கு அது வந்த பிறகு திறங்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. மலையில் அழகாகத் தெரியும் மேகமும் தண்ணீர்த் துளிகள்தான். மேகத்துக்குள் டிரோனை விடுவதும் மழையில் விடுவதும் ஒன்றே.

கல்யாண வீட்டில் நடந்தது

என் நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர். ஒரு ரிசப்ஷனில் தூறல் ஆரம்பித்தது. பெண் வீட்டார், "மாப்பிள்ளை ஊர்வலம் மேலிருந்து வந்தே ஆக வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். மறுத்தால் பேசிய பணத்தில் கை வைப்பார்கள். பறக்க விட்டார். 6 நிமிடம் நனைந்தது. வீட்டுக்கு வந்து 2 நாள் ஃபேன் காற்றில் வைத்தார். பறந்தது. சந்தோஷம்.

அதன் பிறகு 4 விசேஷங்களில் அதே டிரோன் பறந்தது. ஐந்தாவது வீட்டில் 10 மீட்டர் உயரத்தில் ஒரு மோட்டார் நின்றது. பந்தலின் துணியைக் கிழித்துக் கொண்டு, பந்தி பரிமாறும் இடத்துக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அப்போதுதான் அந்தப் பந்தியிலிருந்து குழந்தைகள் எழுந்து போயிருந்தார்கள். பிறகு அதை என்னிடம் கொண்டு வந்தார். திறந்து பார்த்தோம். மோட்டாரை இயக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர் பகுதியில் பச்சையாகப் பூத்திருந்தது. நனைந்த அன்றைக்கு ஆரம்பித்த வேலை, ஒரு மாதம் கழித்து முடிந்திருக்கிறது.

நான்கு மோட்டார் டிரோனில் ஒன்று நின்றால், பெரும்பாலானவை தட்டாமாலை சுற்றிக்கொண்டு கீழே வரும். டூவீலர் நின்றால் ஓரமாகத் தள்ளிக் கொண்டு போகலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். 'ரொம்பச் சின்னது' என்று நாம் சொல்லும் டிரோன் 249 கிராம். அது உயரத்திலிருந்து யார் தலையில் விழுந்தாலும் விளையாட்டு அல்ல.

நனைந்துவிட்டால்...

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கோடை மழை சொல்லிக் கொண்டு வராது. மாட்டிக் கொண்டால் இதைச் செய்யுங்கள்.

1. உடனே இறக்குங்கள். பக்கத்தில் ஆளில்லாத இடம் இருந்தால் அங்கேயே இறக்கலாம். 'ரிட்டர்ன் டு ஹோம்' பட்டனை அழுத்தினால், பல டிரோன்கள் முதலில் நீங்கள் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். அவ்வளவு நேரமும் நனையும்.

2. ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்றுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று மறுபடி ஆன் செய்யாதீர்கள். இது மிக முக்கியம்.

3. பேட்டரியின் மேல் ஒன்றிரண்டு துளிகள் என்றால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். பேட்டரி தண்ணீரில் மூழ்கியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். காய்ந்தாலும் பயன்படுத்தக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. எரியும் பொருட்கள் எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் தனியாக வையுங்கள். காய்ந்த பிறகு மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் விபரீதம்.

4. மெமரி கார்டையும் இறக்கைகளையும் கழற்றுங்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கேமராவைத் தாங்கும் கிம்பலைக் கையால் திருப்பாதீர்கள். அதன் ரிப்பன் கேபிள் மிக மென்மையானது.

5. விழுந்தது கடல் தண்ணீரில் என்றால், பேட்டரியைக் கழற்றிய பிறகு, நல்ல தண்ணீரில் அலசுவதுதான் சரி. முடிந்தால் டிஸ்டில்டு வாட்டர். உப்பை உள்ளேயே காயவிடுவது, அலசுவதைவிடக் கெடுதல்.

6. ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாளாவது வையுங்கள். மழைக்காலத்தில் அறைக் காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் மட்டும் போதாது. ஏ.சி. அறை இருந்தால் நல்லது. ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும்.

அரிசி வேண்டாம்!

போன் நனைந்தால் அரிசிக்குள் போடுவது நம் வீடுகளில் சம்பிரதாயமாகிவிட்டது. அரிசி ஈரத்தை இழுக்கும் வேகம் மிகக் குறைவு. திறந்த காற்றில் வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். போனஸாக அரிசித் தூசி காற்றுத் துளைகளுக்குள் போகும். ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருப்பது 2024-இல் செய்தியானது. டிரோனில் துளைகள் இன்னும் அதிகம்.

ஹேர் டிரையரின் சூடான காற்றும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையும். தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஓவன் பக்கமே போகாதீர்கள்.

திறக்கத் தெரிந்தவர்கள், அல்லது நம்பகமான மொபைல் டெக்னீஷியனைத் தெரிந்தவர்கள், போர்டை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். தண்ணீரையும் படிந்த அழுக்கையும் எடுத்துவிட்டு அது சீக்கிரம் ஆவியாகிவிடும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் செய்யாதீர்கள். கேமரா லென்ஸில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். உண்மையான மருத்துவம் இதுதான். காய வைப்பது முதலுதவி மட்டுமே.

மறுபடி பறக்க விடுமுன்

இறக்கை இல்லாமல் ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போலக் கரகரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது. லென்ஸுக்கு உள்பக்கம் புகை படிந்தது போல இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டும் சரி என்றால், ஆளில்லாத மைதானத்தில், புல் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் 10 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். இறக்கி, ஆஃப் செய்த பிறகு நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அது எச்சரிக்கை மணி. ஆப்பில் பதிவாகும் எர்ரர் செய்திகளைப் படியுங்கள். இதே சோதனையை ஒரு வாரம் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் செய்யுங்கள். அதுவரை மனிதர்கள் தலைக்கு மேல் அதைக் கொண்டு போகாதீர்கள்.

"நான் கோட்டிங் அடித்திருக்கிறேன், மழையில் தாராளமாகப் பறக்கும்" என்பவர்களும் உண்டு. தாங்களே பாகங்களை வாங்கி எஃப்பிவி டிரோன் செய்பவர்கள், போர்டின் மேல் சிலிகான் அல்லது அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் பூசுகிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அவர்களுக்குத் தங்கள் டிரோனில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று தெரியும். பாரோமீட்டர் மேலும், கனெக்டர்கள் மேலும் பூசக் கூடாது என்று தெரியும். விழுந்தால் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்றும் தெரியும். கடையில் வாங்கிய டிரோனைப் பிரித்து இதை முதல் முறையாகச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

யார் பொறுப்பு?

2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ள டிரோன்களை 'நேனோ' என்று வகைப்படுத்தின. அவற்றை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்றன. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் கட்டாயமில்லை என்றன. பொழுதுபோக்குக்கு இந்தச் சலுகை நல்லதுதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குப் பாதுகாப்பு, அந்த டிரோனை இயக்குபவரின் மனச்சாட்சி ஒன்றுதான்.

வெளிநாட்டில் தயாரான முழு டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. இதனால் கெட்டுப் போன டிரோனுக்குப் பதில் புதிது வாங்குவது சுலபம் இல்லை. பழையவற்றையே ரிப்பேர் செய்து கை மாற்றி விற்கிறார்கள். இதில் நனைந்து காய்ந்தவையும் கலந்திருக்கின்றன. வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. பழைய டிரோன் வாங்குபவர்கள் "இது நனைந்ததா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பேட்டரி அறையிலுள்ள உலோகத் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

என் கோரிக்கைகள் மூன்றே. டிரோன் விற்பவர்கள் 'மழைக்கு ஏற்றதல்ல' என்பதைக் கையேட்டின் நடுப்பக்கத்தில் ஒளித்து வைக்காமல், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், தமிழில் போட வேண்டும். நனைந்த டிரோனை விற்பவர்கள் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள், மழை வந்தால் டிரோன் பறக்காது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒப்புக் கொள்ள வேண்டும். வீடியோகிராபர்களும் இதை ஆர்டர் ஃபார்மில் ஒரு வரியாக அச்சடித்து வைத்துக் கொண்டால், மண்டப வாசலில் சண்டை வராது.

வெள்ளத்தில் மொட்டை மாடியில் யாரோ சிக்கியிருக்கிறார்கள், அவர்களைத் தேட வேண்டும் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். டிரோன் நனையட்டும், போகட்டும். உயிரைவிட அது பெரிதல்ல. ஆனால் பிறகு அதை ஒரு முறை திறந்து பார்க்காமல் அடுத்த விசேஷத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஏரி நிரம்பி வழிவதைப் படம் எடுக்க மழை விட்ட பிறகும் நேரம் இருக்கிறது. தண்ணீர் அங்கேயேதான் இருக்கும்!